செதுக்கியவர் கண்ட நாணயம்: பிரிட்டனின் தங்கப் புரூஃப் நாணயங்களும் அவற்றின் வடிவ வரலாறும்

என் பாட்டியின் காசு மாலையிலிருந்து பிரிந்து என்னிடம் வந்த 1911-ஆம் ஆண்டுச் சவரன் ஒன்றையும், பின்னாளில் நானே வாங்கிய 1980-ஆம் ஆண்டுப் புரூஃப் சவரன் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது என் வழக்கம். இரண்டிலும் பின்பக்கத்தில் இருப்பது ஒரே காட்சிதான்: முன்னங்கால்களைத் தூக்கிய குதிரை, அதன்மேல் தோள் ஆடை பறக்க அமர்ந்த வீரன், காலடியில் புரண்டு கிடக்கும் பறவைநாகம். பாட்டியின் காசில் வீரனின் முகம் வழுவழுப்பான ஒரு மேடாக மட்டும் எஞ்சியிருக்கிறது. குதிரையின் தொடைத் தசை மழுங்கிவிட்டது. மாலையில் கோப்பதற்காகப் பற்றவைத்த வளையத்தின் தழும்பு மேல் விளிம்பில் தெரிகிறது. புரூஃப் காசிலோ வீரனின் தலைக்கவசத்தின் ஓரம், குதிரையின் மூக்குத்துளை, நாகத்தின் சிறகு நரம்புகள் எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. இரண்டுக்கும் எடை ஒன்று, தங்கத்தின் தரமும் ஒன்று. ஆயினும் முதலாவது புழங்கிய பணம்; இரண்டாவது, அதைச் செதுக்கியவர் தன் மனத்தில் கண்ட நாணயம். பிரிட்டனின் தங்கப் புரூஃப் நாணயங்களைச் சேகரிப்பவர் உண்மையில் சேகரிப்பது இந்த வேறுபாட்டைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

புரூஃப் என்ற சொல்லுக்குப் பலரும் பளபளப்பான நாணயம் என்று பொருள் கொள்கிறார்கள். அச்சுத் தொழிலில் நூலை முழுமையாக அடிப்பதற்கு முன் ஒரு படி எடுத்துப் பார்ப்பதைப் போல, நாணயச்சாலையில் புதிய அச்சு சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று அறிய எடுத்த மாதிரிதான் தொடக்கத்தில் புரூஃப். அந்த மாதிரிகளை அரசருக்கும் அமைச்சர்களுக்கும் காட்ட வேண்டியிருந்ததால் அவற்றில் கூடுதல் கவனம் செலுத்தினார்கள். கவனம் கூடியதும் அவற்றை விரும்பிக் கேட்போர் தோன்றினார்கள். நாளடைவில் சோதனை என்ற நோக்கம் பின்னுக்குப் போய், மிகச் சிறந்த முறையில் அடிக்கப்பட்ட நாணயம் என்ற பொருளே நிலைத்துவிட்டது. இன்றைய முறைப்படி அச்சின் சமதளப் பகுதியைக் கண்ணாடி போலத் தேய்த்து மெருகேற்றுவார்கள். உருவம் அமையும் பள்ளங்களை மட்டும் பனி படர்ந்ததுபோன்ற மங்கலாக விடுவார்கள். மெருகேற்றிய வெற்று வில்லையை ஒவ்வொன்றாக வைத்து, மெதுவான அழுத்தத்தில், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அதனால் தளம் கண்ணாடியாகவும் உருவம் வெண்பனியாகவும் நிற்கும். புழக்கத்துக்கான காசோ ஒரே அடியில் உருவாகி, மற்றக் காசுகளின் மேல் விழுந்து, நாணயச்சாலையை விட்டு வெளியேறும் முன்பே கீறல்களை வாங்கிக்கொள்ளும்.

நாம் சவரன் என்று சொல்லும் எடை எங்கிருந்து வந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டு நகைக்கடைகளில் ஒரு சவரன் என்பது 8 கிராம். இலங்கையில் அதையே பவுன் என்கிறார்கள். 1816-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி 1817-இல் வெளிவந்த பிரிட்டிஷ் சவரனின் எடை 7.988 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், அதாவது 22 காரட், சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த அளவு மாறவே இல்லை. பிரிட்டனின் மற்ற நாணயங்கள் அளவும் உலோகமும் மதிப்பும் மாறிக்கொண்டே வந்திருக்க, சவரன் மட்டும் அப்படியே நின்றது. ஆகவே அதன்மேல் மாறியது ஓவியம் மட்டுமே என்று சொல்லலாம். அந்த மாற்றங்களை வரிசையாகப் பார்ப்பது பிரிட்டனின் நாணயக் கலையின் வரலாற்றையே பார்ப்பதாகும்.

சவரன் என்ற பெயர் அதைவிடப் பழையது. 1489-இல் ஏழாம் ஹென்றியின் ஆணைப்படி முதல் சவரன் அடிக்கப்பட்டது. அரியணையில் முழு உருவமாக அரசர் அமர்ந்திருப்பது ஒரு பக்கம், அகன்ற டியூடர் ரோஜாவின் நடுவில் அரச கேடயம் மறுபக்கம். இன்றைய சவரனைப்போல ஏறத்தாழ இரு மடங்கு எடை கொண்ட பெரிய காசு அது. வாங்குவதற்கும் விற்பதற்கும் என்பதைவிட, உள்நாட்டுப் போருக்குப் பின் அரியணை ஏறிய ஒரு புதிய அரச மரபு தன் நிலையை அறிவிக்கவே அது பயன்பட்டது. பிறகு அந்தப் பெயர் மறைந்தது. 1663 முதல் கினி என்ற காசு தங்கப் பணமாக நின்றது. நெப்போலியனுடன் நடந்த நெடும்போர் முடிந்தபின், நாட்டின் நாணயம் முழுவதையும் புதிதாக அடிக்க முடிவெடுத்தபோதுதான் சவரன் மீண்டும் பிறந்தது. லண்டனின் டவர் ஹில்லில் கட்டிய புதிய நாணயச்சாலையில் நீராவி அச்சு எந்திரங்கள் வந்துவிட்டன. அந்தச் சாலையின் தலைவர் வில்லியம் வெல்லஸ்லி போல், வெலிங்டன் பிரபுவின் அண்ணன், நல்ல கலைஞர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கிடைத்தவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. 1783-இல் ரோமில் பிறந்தவர். மணிக்கற்களில் நுண்ணுருவம் செதுக்குவதே அவருடைய தொழில். 1815-இல் லண்டனுக்கு வந்தார். நாணய அச்சு வெட்டிப் பழக்கம் இல்லாத அவருடைய கைவேலை நாணயச்சாலையின் கண்ணில் பட்டது, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலையை அவர் சிவப்புச் சூரியகாந்தக் கல்லில் செதுக்கியதன் மூலமாகத்தான். இங்கிலாந்தின் காவல் புனிதரான தூய ஜார்ஜ் பறவைநாகத்தைக் கொல்லும் காட்சியை அவர் முதலில் வேறொரு பிரபு குடும்பத்துக்கான நுண்ணுருவமாகவே எண்ணியிருந்தார். போல் அதை நாணயத்துக்குக் கேட்டுப் பெற்று, 100 கினி கொடுத்தார். வீரனுக்கு மாதிரியாக நின்றவர் லண்டன் விடுதியொன்றில் பணிபுரிந்த இத்தாலியர் என்று சொல்லப்படுவதுண்டு.

இந்தக் காட்சியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் துணிவு பழக்கத்தால் நம் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விட்டது. இடைக்கால ஓவியங்களில் தூய ஜார்ஜ் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்ட ஐரோப்பிய வீரன். பிஸ்ட்ருச்சியின் ஜார்ஜோ தலைக்கவசமும் காலணியும் தோளாடையும் தவிர வேறொன்றும் அணியாத கிரேக்க இளைஞன். ஏதென்ஸின் பளிங்குச் சிற்பங்களில் குதிரையேறி வருபவர்களுக்குத்தான் அவன் உறவு. குதிரைக்குச் சேணம் இல்லை. காட்சி முழுவதும் வட்டத்துக்குள் சுழலும்படி அமைந்திருக்கிறது: குதிரையின் கழுத்து வளைவு, பறக்கும் ஆடை, கீழே நாகத்தின் வால் என ஒன்றிலிருந்து ஒன்றாகக் கண் வட்டமாகவே நகரும். வட்டமான சிறு தகட்டில் சதுரமான ஓவியத்தைத் திணிக்காமல், வட்டத்துக்காகவே பிறந்த ஓவியம் அது. மணிக்கல்லில் பழகிய கைக்கு மட்டுமே இது இயலும் என்று நினைக்கிறேன். 1817-இன் முதல் வடிவத்தில் வீரனின் கையில் முறிந்த ஈட்டியின் தண்டு இருக்கும், முறிந்த துண்டு தரையில் கிடக்கும். சுற்றிலும் பிரிட்டனின் உயர்ந்த அரச விருதான கார்ட்டர் விருதின் வார்ப்பட்டை ஓடும். 1821-இல் அந்தப் பட்டை நீங்கி, ஈட்டிக்குப் பதிலாகக் குட்டையான வாள் வந்தது. இன்று வரை பெரும்பாலான சவரன்களில் நாம் காண்பது அந்த வாள்தான்.

பிஸ்ட்ருச்சி எளிதாகப் பழகக்கூடியவர் அல்லர். 1818-ஆம் ஆண்டு வெள்ளிக் கிரவுன் நாணயத்தில் தன் பெயரை முழுமையாகப் பொறித்து, பெரும் விமரிசனத்தை வாங்கிக்கொண்டார். வெளிநாட்டவர் என்பதால் தலைமைச் செதுக்கர் என்ற பதவி அவருக்கு முறைப்படி மறுக்கப்பட்டது. நான்காம் ஜார்ஜ் தன் முகம் பெருத்திருப்பதாகக் குறைபட்டு, சிற்பி சாண்ட்ரி வடித்த மார்பளவுச் சிலையைப் பார்த்து நாணயத்தில் செதுக்கச் சொன்னபோது, இன்னொரு கலைஞரின் வேலையை நகலெடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பினால் 1825-இல் முன்பக்கத்தின் உருவத்தை நாணயச்சாலையின் இன்னொரு செதுக்கரான வில்லியம் வயன் செய்தார். பின்பக்கத்தில் ஜான் பட்டிஸ்ட் மெர்லெனின் கேடயம் வந்து, தூய ஜார்ஜ் வெளியேறினான். வாட்டர்லூ வெற்றிக்காகத் தன்னிடம் ஒப்படைத்த பதக்கத்தை பிஸ்ட்ருச்சி 1849-இல்தான் முடித்துக் கொடுத்தார்; முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அச்சுகள் மிகப் பெரியவை என்பதால் அவற்றைச் சூடேற்றிக் கடினப்படுத்தத் துணியாமல், அந்தப் பதக்கம் திட்டமிட்டபடி அடிக்கப்படவே இல்லை. இந்தக் கலைஞனிடம் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. தன் வேலையைத் தானே மதித்த கலைஞன் விலை கொடுக்க நேர்ந்ததைத்தான் அவருடைய வாழ்வு காட்டுகிறது.

வயனின் காலத்தில்தான் புரூஃப் நாணயம் ஒரு தனிக் கலைப்பொருளாக வளர்ந்தது. 1826-இல் ஐந்து பவுண்டு, அதாவது ஐந்து சவரன் மதிப்புள்ள தங்க நாணயத்துடன் கூடிய புரூஃப் தொகுதி வெளிவந்தது. 1831-இல் நான்காம் வில்லியமின் முடிசூட்டு விழாத் தொகுதியில் இரட்டைச் சவரன் இருந்தது. அந்த இரட்டைச் சவரன் புழக்கத்துக்கென அடிக்கப்படவே இல்லை, புரூஃப் வடிவில் மட்டுமே உண்டு. அதாவது, பணமாகச் செலவழிக்க முடியாத பணம், பார்ப்பதற்காக மட்டுமே பிறந்த நாணயம், இந்தக் கட்டத்தில்தான் உறுதியாக நிலைபெற்றது.

அந்தப் போக்கின் உச்சம் 1839-இன் ஐந்து பவுண்டு நாணயம். சேகரிப்பாளர்கள் அதை ‘யூனாவும் சிங்கமும்’ என்று அழைக்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரின் நீண்ட காவியத்தில், உண்மையின் உருவமாக வரும் யூனா என்ற மங்கையைக் கண்டதும் கொடிய சிங்கம் அடங்கி அவளுக்குக் காவலாகும் கட்டம் ஒன்று உண்டு. வயன் விக்டோரியாவையே யூனாவாகச் செதுக்கினார். ஆள்பவரையே ஒரு கற்பனைப் பாத்திரமாக நாணயத்தில் வடித்தது பிரிட்டனில் அதுவே முதல் முறை. அப்போது அரசிக்கு வயது இருபது. அரியணை ஏறி இரண்டே ஆண்டுகள். கையில் செங்கோலும் உருண்டையுமாக அவள் நடக்க, நாட்டின் உருவமான சிங்கம் அவளோடு நடக்கிறது. மேலே உள்ள லத்தீன் வாசகத்தின் பொருள்: ‘கடவுள் என் அடிகளை வழிநடத்தட்டும்’. கீழே ரோமன் எண்களில் ஆண்டும், வயனின் பெயரும்.

இதை நல்ல படங்களில் பார்க்கும்போதுகூட, அரசியின் ஆடை மடிப்பு ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதும், கீழே அது காற்றில் நகர்வதும் தெரியும். முன்பக்கத்தில் வயனின் இளம் விக்டோரியா: கூந்தலைப் பின்னால் சுருட்டி, இரு நாடா கட்டிய தலை. இதே வயன் 1837-இல் செய்த பதக்கத்தின் முகம்தான் 1840-இல் வெளிவந்த உலகின் முதல் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. எத்தனை யூனா நாணயங்கள் அடிக்கப்பட்டன என்று துல்லியமாகச் சொல்ல இயலாது; ஏறத்தாழ 400 என்று நாணய நூல்கள் மதிப்பிடுகின்றன. வாங்குபவர் கேட்கும்போதெல்லாம் அதே 1839 என்ற ஆண்டுடன் வயன் பின்னரும் அடித்துக் கொடுத்ததாலும், வாசகத்தின் எழுத்துகளிலும் விளிம்பிலும் பல வேறுபாடுகள் இருப்பதாலும், ஒரே ஆண்டின் ஒரே நாணயம் ஒரு குடும்பமாகவே விரிந்திருக்கிறது. சில படிகளில் விளிம்பு வெறுமையானது. சிலவற்றில் ‘அழகும் காவலும்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் ஓடுகிறது. காசின் ஓரத்தை வெட்டித் தங்கம் திருடுபவர்களைத் தடுக்கவே அந்த வாசகம் பதினேழாம் நூற்றாண்டில் விளிம்புக்கு வந்தது. யாரும் வெட்டத் துணியாத இந்த நாணயத்தில் அது வெறும் மரபாகவே நின்றது.

கேடயம் பொறித்த சவரன்கள் நெடுங்காலம் புழங்கியபின், நாணயச்சாலையின் துணைத் தலைவர் சார்லஸ் ஃப்ரீமேண்டல் 1871-இல் தூய ஜார்ஜைத் திரும்பக் கொண்டுவந்தார். பிஸ்ட்ருச்சி இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் செயலின் அருமையை நாம் போதிய அளவு மதிப்பதில்லை. நல்ல ஓவியத்தைப் புதியது அல்ல என்ற காரணத்துக்காக ஒதுக்காமல், அதன் தரத்துக்காகவே மீட்டெடுத்த முடிவு அது. அந்த முடிவு இல்லையென்றால் தூய ஜார்ஜ் நாணய வரலாற்றின் ஓரக்குறிப்பாகப் போயிருக்கும்.

1887-இல் அரசியின் ஐம்பதாவது ஆட்சியாண்டுத் தொகுதி வந்தது. இதில் ஜோசப் எட்கர் போம் வடித்த தலைமேல் மிகச் சிறிய கிரீடம் ஒன்று தொற்றிக்கொண்டிருக்கிறது. எந்த நேரமும் விழுந்துவிடும் என்று மக்கள் கேலி செய்தார்கள். அந்தக் கிரீடம் அரசி உண்மையில் அணிந்ததுதான், ஆனால் நாணயத்தில் அது கண்ணுக்கு உறுத்தியது. அதே ஆண்டின் ஆறு பென்னி வெள்ளிக் காசின் பின்பக்கம் அரைச் சவரனை ஒத்திருந்ததால், அதற்குத் தங்கமுலாம் பூசி ஏமாற்றினார்கள். விரைவிலேயே அந்தக் காசைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஓவியத்தின் பிழை பணத்தின் பிழையாகும் விதம் இது. 1893-இல் தாமஸ் ப்ராக் முக்காடிட்ட முதிய விக்டோரியாவை வடித்தார். துயரம் தோய்ந்த, உண்மையான முகம். என் பார்வையில் அரசியின் ஆட்சிக்கால நாணய உருவங்களில் இதுவே சிறந்தது. 1887-இல் தங்கப் புரூஃப் ஐந்து பவுண்டு 797, 1893-இல் 773 என நாணயச்சாலைக் கணக்குகள் சொல்கின்றன. 

1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாத் தொகுதியில் ஒரு திருப்பம் நேர்ந்தது. கண்ணாடித் தளத்துக்குப் பதிலாக முழுவதும் மங்கலான மேற்பரப்பு வந்தது. மணலை வேகமாக வீசி அச்சுகளைச் சொரசொரப்பாக்கியதால் அது அமைந்தது. ஜி. டபிள்யூ. டி சோல்ஸ் வடித்த இந்த நாணயங்களைப் பார்த்த பலர், மெருகு போய்விட்டது என்று எண்ணித் தேய்த்துவிட்டார்கள். அப்படித் தேய்த்த நாணயத்தை இன்றும் சந்தையில் அடிக்கடி பார்க்கலாம். பளபளப்பாக இருந்தாலும் அதன் உயிர் போனதுதான். 1902 புரூஃப் ஐந்து பவுண்டின் எண்ணிக்கை 8,066, 1911-இல் 2,812. ஆஸ்திரேலியச் சிற்பி பெர்ட்ரம் மெக்கென்னல் வடித்த ஐந்தாம் ஜார்ஜ் அந்த 1911-இல் வருகிறார். என் பாட்டியின் காசில் இருப்பதும் அந்தத் தலைதான். அதன் மெருகேறிய உருவம் அந்த ஆண்டுத் தொகுதியில் வாழ்கிறது, தேய்ந்த உருவம் காசு மாலையில் வாழ்ந்தது.

மும்பை நாணயச்சாலைக்கும் இதில் சிறிய ஒரு பங்கு உண்டு. முதல் உலகப் போரின்போது, 1918 என்ற ஒரே ஆண்டுடன் மும்பையில் ராயல் மின்ட் எனப்படும் பிரிட்டிஷ் அரச நாணயச்சாலையின் கிளையில் சவரன்கள் அடிக்கப்பட்டன; குதிரையின் காலடியில் தரைக்கோட்டின் மேல் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மும்பையில் பிறந்தது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் காசு மாலை பிரிக்கப்படும்போது இதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

1936-இல் அரியணை ஏறிய எட்டாம் எட்வர்ட் தன் நாணய உருவத்துக்குப் புதிய பிடிவாதம் ஒன்றைக் கொண்டுவந்தார். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஒவ்வொரு புதிய மன்னரின் தலையும் முந்தையவருக்கு எதிர்த்திசையில் பார்க்கும் என்பது மரபு. அதன்படி எட்வர்ட் வலப்பக்கம் பார்க்க வேண்டும். தலை வகிடு இருக்கும் இடப்பக்கமே தன் முகத்துக்கு அழகு என்று அவர் வலியுறுத்த, ஹம்ஃப்ரி பேஜெட் வடித்த தலை இடப்பக்கம் பார்த்தது. 1937 என்ற ஆண்டுடன் சில மாதிரிகள் அடிக்கப்பட்ட நிலையில், 1936 டிசம்பரில் அவர் முடி துறந்தார். அந்த நாணயங்கள் வெளியிடப்படவே இல்லை. அவற்றில் ஒரு சவரன் 2020-இல் 10 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அவருக்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜ், எட்வர்ட் வலப்பக்கம் பார்த்ததாகவே கணக்கிட்டு, தான் இடப்பக்கம் பார்த்தார். மரபு முறியாமல் காக்கப்பட்டது. 1937-இன் தங்கத் தொகுதியில் ஐந்து பவுண்டு, இரண்டு பவுண்டு, சவரன், அரைச் சவரன் என நான்கு நாணயங்கள். ஐந்து பவுண்டு 5,501. வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான விளிம்புதான் இவற்றின் அடையாளம். அந்த அரசரின் உருவத்தில் புழக்கத்துக்கான சவரன் வெளிவரவே இல்லை. 1949 முதல் நாணயச்சாலை மீண்டும் சவரன் அடித்தபோதுகூட இறந்துபோன தந்தையின் தலையுடன், 1925 என்ற ஆண்டுடனேயே அடித்தது. ஆகவே ஆறாம் ஜார்ஜின் தங்க உருவத்தை 1937-ஆம் ஆண்டுப் புரூஃப் தொகுதியில் மட்டுமே காண முடியும். இந்தத் தொகுதியின் அருமைக்கு எண்ணிக்கையைவிட இதுவே பெரிய காரணம்.

இரண்டாம் எலிசபெத்தின் 1953 முடிசூட்டு விழாவுக்கு, மக்களுக்கென்று தங்கத் தொகுதி வெளியிடப்படவில்லை. தேசிய சேகரிப்புகளுக்காகச் சில படிகள் மட்டும் அடிக்கப்பட்டன. மேரி கில்லிக்கின் இளம் அரசி உருவத்தைத் தாங்கிய சவரன்கள் 1957 முதல் வந்தன. பின்னர் நாணயச்சாலையே வேல்ஸின் லான்ட்ரிசான்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1975-இல் டவர் ஹில்லில் அடிக்கப்பட்ட கடைசி நாணயம் ஒரு தங்கச் சவரன். நாம் இன்று அறிந்த ஆண்டுதோறும் வரும் புரூஃப் வழக்கம் 1979-இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டின் புரூஃப் சவரன் 50,000. 1983 முதல் 1999 வரை முதலீட்டுக்கான சாதாரணச் சவரன் அடிக்கப்படவே இல்லை. அந்த ஆண்டுகளின் ஒவ்வொரு சவரனும் புரூஃப்தான் என்பதைப் புதிதாகச் சேகரிப்பவர் நினைவில் வைத்திருந்தால், எந்த ஆண்டையும் சாதாரணம் என்று தவறாகக் கருதமாட்டார்.

இந்தக் காலத்தின் மிகச் சிறந்த முயற்சி 1989-இல் வந்தது. முதல் சவரனின் ஐந்நூறாவது ஆண்டுக்காக பெர்னார்ட் சிண்டால், அரசியை அரியணையில் நேர்முகமாக அமர்ந்தவாறும், பின்பக்கத்தில் டியூடர் ரோஜாவின் மேல் அரச கேடயத்தையும் வடித்தார். அதுவரை சவரனில் ஒருபக்கத் தலையாக மட்டுமே தெரிந்தவர், ஹென்றியின் காசில் இருந்ததைப் போல முழு உருவமாக அமர்ந்தார். பல ஆண்டுகளாகச் சேகரிப்பவர்கள் முதலில் தேடும் சவரன்களில் ஒன்றாக இது இருப்பதற்குக் காரணம், பழைய வடிவத்தைப் படியெடுக்காமல், அதன் எண்ணத்தைப் புதிய கையால் மீண்டும் எழுதியதுதான். 2002-இல் டிமத்தி நோட் வடித்த கேடயமும், 2005-இல் அவரே செய்த தூய ஜார்ஜும், 2012-இல் பால் டேயின் ஜார்ஜும் அந்தந்த ஆண்டோடு முடிந்துபோன தனி முயற்சிகள். பிஸ்ட்ருச்சியின் காட்சியில் காலப்போக்கில் ஏற்பட்ட மழுங்கலை நீக்கி, 2009-இல் பழைய அச்சுகளை ஆராய்ந்து அதை மீட்டெடுத்தார்கள். 2017-இல் இருநூறாவது ஆண்டுக்காக, வார்ப்பட்டை சூழ்ந்த முதல் வடிவமே திரும்பியது. மூன்றாம் சார்லஸின் உருவத்தை மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடிக்க, 2023 முடிசூட்டு விழாச் சவரனில் அவர் முடிசூடி இடப்பக்கம் பார்க்கிறார். பின்பக்கத்தில் அதே குதிரைதான்.

சேகரிப்பவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதில் எனக்குக் கவலை உண்டு. இன்றைய வெளியீடுகளில் ஒரே ஆண்டுக்குப் பல மேற்பரப்புகள், பல அளவுகள், ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் அடிக்கப்படும் சிறப்புப் பிரிவுகள் என வகைகள் பெருகிவிட்டன. சான்றிதழில் அச்சிட்ட உச்ச எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி, உருவத்தையே பாராமல் வாங்குபவர்கள் பலர். பெட்டியும் சான்றிதழும் சேர்ந்த புதிய புரூஃப் நாணயம் அதன் தங்க மதிப்பைவிட மிக அதிக விலைக்கு விற்கப்படுகிறது; மறுநாள் அதை விற்க முயன்றால் அந்தக் கூடுதல் விலையில் பெரும்பகுதி கரைந்துபோவது பொதுவாக நடப்பது. பிரிட்டனில் சவரனுக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது அங்கே வாழ்பவருக்கு ஒரு நன்மை. ஆனால் அந்த நன்மை சாதாரண முதலீட்டுச் சவரனுக்கும் உண்டு, புரூஃப் ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. தங்கம் வேண்டுமென்றால் சாதாரணச் சவரன் போதும். புரூஃப் வாங்குபவர் ஓவியத்துக்காகவும் கைத்திறனுக்காகவும் வாங்க வேண்டும். அதற்காகக் கொடுக்கும் விலை ஓவியத்துக்கானது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பழைய புரூஃப் நாணயத்தை வாங்கும்போது விளக்கொளியை ஒருபக்கமாக விழச்செய்து, காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தளத்தில் மயிர்போன்ற மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடினால், அது துணியால் துடைக்கப்பட்டதாக இருக்கலாம். கோடுகள் தளத்தைக் கடந்து உருவத்தின் மேலும் ஏறித் தொடர்ந்தால் துடைத்த தடம் உறுதி. உருவத்தின் விளிம்பில் நின்று மறுபக்கம் தொடர்ந்தால், அது அச்சை மெருகேற்றியபோது விழுந்த கோடாக இருக்கலாம், அதில் குற்றமில்லை. மேல் விளிம்பில் சிறு மேடோ, வரிப்பள்ளம் தொடர்ச்சி அற்ற இடமோ தெரிந்தால் வளையம் பற்றவைத்து நீக்கியிருக்கிறார்கள். 22 காரட் தங்கத்தில் கலந்திருக்கும் செம்பினால் சில நாணயங்களில் சிவந்த புள்ளிகள் தோன்றும். அவற்றைத் துடைத்து நீக்க முயல்வதுதான் பெரிய சேதம். எந்த நிலையிலும் தூய்மைப்படுத்தாதீர்கள். மிருதுவான பிளாஸ்டிக் உறைகள் நாளாவட்டத்தில் பச்சைப் பிசினைக் கசியவிடும். கெட்டியான பெட்டியில் மூடி வைப்பதே நல்லது. எடையை 7.98 கிராமுடனும் விட்டத்தை 22.05 மில்லிமீட்டருடனும் ஒப்பிடுவது எளிய முதல் சோதனை. ஆனால் போலிச் சவரன்களில் பலவும் நல்ல தங்கத்திலேயே செய்யப்பட்டவை, ஆகவே எடை மட்டும் போதாது. உருவத்தின் கூர்மையைப் பார்க்க வேண்டும், எழுத்துகளின் முனைகளைப் பார்க்க வேண்டும், விளிம்புக்கும் தளத்துக்கும் இடையிலான சேர்க்கையைப் பார்க்க வேண்டும்.

புரூஃப் காசைச் சாய்க்கும்போது கண்ணாடித் தளம் ஒருகணம் கருமையாகி, குதிரையும் வீரனும் மட்டும் வெண்மையாக நிற்பார்கள். மறுகணம் தளம் ஒளியாகி உருவம் இருளும். அந்த மாற்றத்தின் நடுவே, தரைக்கோட்டின் வலது ஓரத்தில், ‘பி.பி.’ என்ற இரு எழுத்துகள் தெரியும். பாட்டியின் காசில் அவை தேய்ந்து ஒரு புள்ளியாகிவிட்டன. எந்த எழுத்து என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. புரூஃப் காசில் அவை முழுமையாக இருக்கின்றன.